எடு என்றொரு சட்டம், எடுக்காதே என்றொரு சட்டம்

முதுமைக்கென்று சேர்த்த பணத்தை எப்பொழுது எடுக்கலாம், எப்பொழுது எடுத்தே தீரவேண்டும், எப்பொழுது தொடவே கூடாது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் பதில் சொல்கிறது. இது கணக்கர்களும் வக்கீல்களும் படிக்கவேண்டிய சங்கதி என்று தொழிலாளர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. அப்படி ஒதுக்குவது நமக்கு நஷ்டம். ஒரு நாட்டில் யார் கையில் பணம் குவிந்திருக்கிறது, யார் மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிறார்கள் என்பதைக் காட்ட இந்த விதிகளைப் போன்ற கண்ணாடி வேறில்லை.

அமெரிக்காவில் சட்டம் "எடு" என்கிறது. நம் நாட்டில் சட்டம் "எடுக்காதே" என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

டாலர் நாட்டில் நடந்த கதை

அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் கம்பெனியே பென்ஷன் கொடுத்து வந்தது. சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் அதற்குப் பாதுகாப்பு இருந்ததா? 1963 டிசம்பரில் இந்தியானா மாகாணத்தின் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூட்பேக்கர் மோட்டார் தொழிற்சாலை கதவை மூடியது. பென்ஷன் நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கனவே ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டி, உடம்பைத் தேய்த்து உழைத்த ஏறக்குறைய 4,000 பேருக்கு, வரவேண்டியதில் சுமார் 15 சதவிகிதமே கிடைத்தது. அவர்களைவிட இளையவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அந்த அநியாயத்தின் எதிரொலியாக 1974ல் ஒரு சட்டம் வந்தது. கம்பெனி பென்ஷன்களுக்குச் சர்க்கார் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாடு செய்தது. அதே சட்டத்தில் தனிநபர் ஓய்வுக் கணக்கு என்ற ஏற்பாடும் பிறந்தது. 1978ல் வருமானச் சட்டத்தில் ஒரு சிறு ஷரத்து நுழைந்தது. அதன் எண்தான் இன்று உலகமெல்லாம் பேசப்படும் 401-கே. முதலாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "பென்ஷன் கொடுப்பது எங்கள் பொறுப்பல்ல, உன் சம்பளத்தில் நீயே சேர்த்துக்கொள், நாங்கள் கொஞ்சம் போடுகிறோம், பங்கு மார்க்கெட் ஏறினால் உன் அதிர்ஷ்டம், இறங்கினால் உன் தலைவிதி" என்றார்கள். கம்பெனி சுமந்த பாரம் தொழிலாளியின் தோளுக்கு மாறியது.

இந்தக் கணக்குகளில் போடும் பணத்துக்கு அப்பொழுது வருமான வரி கிடையாது. எடுக்கும்பொழுதுதான் வரி. ஆகவே எடுக்காமலே வைத்திருந்தால் வரியும் இல்லை. சாதாரணத் தொழிலாளி எடுக்காமல் இருக்கமுடியுமா? வேலை ஓய்ந்த மறுமாதமே வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் எடுத்தாகவேண்டும். எடுக்காமல் வைத்திருப்பது வேறு வருமானம் உள்ளவர்களால் ஆகிற காரியம். அவர்களிடமிருந்து என்றைக்காவது வரி வசூலிக்கத்தான் கட்டாயமாக எடுக்கவேண்டும் என்ற விதி வந்தது.

விதியும் விதிவிலக்கும்

விதி என்ன சொல்கிறது? குறிப்பிட்ட வயது வந்ததும் வருஷா வருஷம் ஒரு பங்கை எடுத்தே தீரவேண்டும். முந்தின வருஷக் கடைசியில் கணக்கில் இருந்த தொகையை, எதிர்பார்க்கும் ஆயுளுக்கென்று அட்டவணையில் கொடுத்துள்ள எண்ணால் வகுக்கவேண்டும். 73 வயதுக்கு அந்த எண் 26.5. கணக்கில் 5,30,000 டாலர் இருந்தால் அந்த வருஷம் 20,000 டாலர் எடுக்கவேண்டும். வயது ஏற ஏற எண் குறையும். எடுக்கவேண்டிய பங்கு கூடும். முதல் தவணைக்கு மட்டும் அடுத்த வருஷம் ஏப்ரல் 1 வரை அவகாசம்; பிறகு ஒவ்வொரு டிசம்பர் 31க்குள்ளும் எடுக்கவேண்டும்.

கணக்குக்குக் கணக்கு விதி மாறுகிறது. பழைய முறைத் தனிநபர் கணக்கு வைத்திருப்பவர் இன்னும் வேலையில் இருந்தாலும் எடுத்தாகவேண்டும். பல கணக்குகள் இருந்தால் மொத்தத்தைக் கூட்டி ஏதாவது ஒன்றிலிருந்து எடுக்கலாம். கம்பெனியின் 401-கே கணக்கில், அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கும்வரை ஒத்திப்போட அனுமதி உண்டு. கம்பெனியில் 5 சதவிகிதத்துக்கு மேல் சொந்தம் கொண்டாடுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு கம்பெனிகளில் 401-கே கணக்கு இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே எடுக்கவேண்டும். பள்ளி ஆசிரியர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் சேரும் 403-பி திட்டத்துக்கு வேறு விதி. ரோத் என்ற வகைக்கோ முற்றிலும் வேறு விதி. அதில் வரியை முதலிலேயே கட்டிவிடுகிறார்கள். ஆகவே தனிநபர் ரோத் கணக்கின் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்வரை ஒரு காசும் எடுக்கவேண்டிய கட்டாயமில்லை. கம்பெனி வழியாக வைத்த ரோத் கணக்குக்கும் 2024 முதல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள்.

இத்தனை சிக்கலில் ஒரு கிழவனோ கிழவியோ தவறிவிட்டால்? எடுக்கத் தவறிய தொகையில் 50 சதவிகிதம் அபராதம் என்று நெடுங்காலம் இருந்தது. 2023 முதல் அது 25 சதவிகிதம்; குறித்த காலத்துக்குள் திருத்திக்கொண்டால் 10 சதவிகிதம். முதியவர்களுக்கு இந்தக் குறைப்பு நல்லதே. ஆனால் கூடவே வந்த வேறு மாற்றங்களைக் கவனியுங்கள். கட்டாயம் தொடங்கும் வயது 2019 வரை எழுபதரை. 2020ல் அது 72 ஆயிற்று. 2023ல் 73 ஆயிற்று. 2033ல் 75 ஆகும் என்று இப்பொழுதே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2020ல் தொற்றுநோயைக் காரணம் காட்டி ஒரு வருஷம் கட்டாயத்தையே நிறுத்தினார்கள்.

இந்தத் தள்ளிவைப்பால் யாருக்கு லாபம்? எழுபது வயதில் கணக்கைச் சுரண்டிச் சாப்பிடுகிறவருக்கு 75 என்றால் என்ன, 95 என்றால் என்ன? அவர் கேட்பது அவகாசமல்ல, அரிசிக் காசு. அமெரிக்க மத்திய பாங்கு 2022ல் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பின்படி ஓய்வுக் கணக்கு என்று ஒன்று வைத்திருந்த குடும்பங்களே சுமார் 54 சதவிகிதம்தான். வைத்திருந்தவர்களிலும் நடுவில் நிற்கும் குடும்பத்தின் இருப்பு 87,000 டாலர். இருபது வருஷ முதுமைக்கு அதைப் பங்கிட்டால் மாதத்துக்கு 400 டாலர்கூடத் தேறாது. மற்றக் குடும்பங்களுக்குக் கணக்கே கிடையாது.

மறுபக்கம் பார்ப்போம். பீட்டர் தீல் என்ற கோடீஸ்வரர் 1999ல் 2,000 டாலருக்கும் குறைந்த விலை காட்டித் தமது பேபால் கம்பெனிப் பங்குகளை ரோத் கணக்கில் போட்டார். 2019 முடிவில் அந்தக் கணக்கில் இருந்தது 500 கோடி டாலர். புரோபப்ளிகா என்ற செய்தி ஸ்தாபனம் வரி ஆவணங்களைக் கொண்டு 2021ல் இதை வெளியிட்டது. ஐம்பத்தொன்பதரை வயதுக்குப் பிறகு எடுத்தால் இதற்கு வரி கிடையாது; எடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நடுத்தர வர்க்கத்தின் முதுமைக்கென்று சொல்லிக் கட்டிய வீட்டில் யார் குடியேறியிருக்கிறார் பார்த்தீர்களா?

இந்தச் செய்தி வந்த வருஷமே, ஒரு கோடி டாலருக்கு மேல் இருக்கும் பெருங்கணக்குகளிலிருந்து வயது பாராமல் கட்டாயமாக எடுக்கச் செய்யும் யோசனை அமெரிக்கக் கீழ்ச்சபையில் எழுந்தது. அது சட்டமாகவில்லை. எழுபத்து மூன்று வயது ஆசிரியை ஒரு தவணையை மறந்தால் அபராதம். 500 கோடிக்காரருக்கு விதியே இல்லை. சட்டத்தின் வலையில் சின்ன மீன்கள் சிக்குகின்றன. பெரிய மீன்களுக்கு வாசல் திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே நாட்டில், ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் அவசரத்துக்காக அந்தக் கணக்கில் கைவைத்தால், குறிப்பிட்ட சில காரணங்கள் நீங்கலாக, வரியோடு 10 சதவிகிதம் அதிகமாகக் கட்டவேண்டும். வேலை போய்க் கடனில் மூழ்கியவருக்கு அங்கும் "எடுக்காதே" என்ற சட்டம் உண்டு.

நம் நாட்டுச் சட்டம்

இப்பொழுது நம் வீட்டுக்கு வருவோம். 1952ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்த பிராவிடண்டு பண்டு நமது உழைப்பாளிகளின் முக்கியமான சேமிப்பு. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவிகிதம், முதலாளி பங்கு 12 சதவிகிதம் என்பது பொது விதி. முதலாளி பங்கும் தொழிலாளியின் உழைப்புக் கூலிதான். தள்ளிக் கொடுக்கப்படும் கூலி. அதில் 8.33 சதவிகிதம், வரம்புக்குட்பட்டு, 1995ல் வந்த பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது.

2016 பிப்ரவரி 10ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேலை இழந்த தொழிலாளி தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம். முதலாளி பங்கை 58 வயது வரை தொடக்கூடாது என்றது அந்த அறிவிப்பு. அதே மாதம் 29ந் தேதி பட்ஜெட்டில் இன்னொரு அடி. அந்த ஏப்ரல் முதல் சேரும் பணத்தில் 60 சதவிகிதத்துக்கு எடுக்கும்பொழுது வரி. வரி வேண்டாமென்றால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் ஆயுட்கால வருமானப் பத்திரம் வாங்கிக்கொள் என்றது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி! நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் வரி யோசனையை மார்ச் 8ந் தேதி வாபஸ் வாங்கினார்கள். 58 வயது விதி மட்டும் நின்றது.

அதை உடைத்தவர்கள் பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிலாளிகள். பெரும்பாலும் பெண்கள். 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கில் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து ஓசூர் ரோட்டிலும் தும்கூர் ரோட்டிலும் இறங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. கண்ணீர்ப் புகை வீசியது. இரண்டாம் நாளே மத்திய தொழில் மந்திரி அறிவிப்பை ரத்துச் செய்தார்.

ஏன் அப்படிக் கொதித்து எழுந்தார்கள்? ஆடைத் தொழிற்சாலையில் ஒரு பெண் 58 வயது வரை உட்கார்ந்து தைக்கமுடியுமா? முதுகும் கண்ணும் விடுமா? நிர்வாகம்தான் வைத்துக்கொள்ளுமா? சில வருஷம் உழைத்து, வேலையை விட்டு, வந்த பி.எப். பணத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தையோ கந்துவட்டிக் கடனையோ தீர்த்து, வேறு கம்பெனியில் புதிதாகச் சேருவது அவர்கள் வாழ்க்கை முறை. அவர்களுக்கு அதுவே பாங்கு, அதுவே வேலையில்லாக் கால நிவாரணம், அதுவே பிரசவச் செலவு. அதைப் பூட்டிவைத்தால் வட்டிக்கடைக்காரன்தான் மிஞ்சுவான்.

மறுபடியும் பூட்டு

பத்து வருஷம்கூட ஆகவில்லை. 2025 அக்டோபர் 13ந் தேதி பிராவிடண்டு பண்டு மத்திய டிரஸ்டி போர்டு கூடிப் புதிய முடிவுகளை எடுத்தது. பதின்மூன்று விதமாகக் கிடந்த முன்பண விதிகளை மூன்று பிரிவுகளாகச் சுருக்கினார்கள். முதலாளி பங்கிலிருந்தும் எடுக்க வழி செய்தார்கள். பல தேவைகளுக்கு ஒரு வருஷ சர்வீஸ் போதும் என்றார்கள். இவை நல்லவை, வரவேற்போம். ஆனால் அதே முடிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது. கணக்கில் எப்பொழுதும் 25 சதவிகிதம் இருந்தே தீரவேண்டும். வேலை இழந்தவர் கணக்கை முழுதாகத் தீர்க்க முன்பு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும். இனி பன்னிரண்டு மாதம். பென்ஷன் பங்கைத் திரும்பப் பெற இரண்டு மாதம் முப்பத்தாறு மாதமாகிறது.

சர்க்கார் சொல்லும் சமாதானம் என்ன? கணக்கை இறுதியாகத் தீர்க்கும்பொழுது பாதிப் பேருக்கு 20,000 ரூபாய்க்கும் குறைவாகவே இருக்கிறது. அடிக்கடி எடுத்துவிடுவதால் முதுமைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே கால் பங்கையாவது காப்பாற்றித் தருகிறோம் என்கிறார்கள்.

இந்த வாதத்தைத் தட்டிக் கழிக்கக்கூடாது. முதுமையில் வெறுங்கையோடு நிற்பது கொடுமை. தொழிலாளிக்கு முதுமைப் பாதுகாப்பு வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருபவர்கள் தொழிலாளர்களேதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாயில் கால் பங்கு 5,000 ரூபாய். அதைப் பூட்டிவைத்தால் யாருடைய முதுமைக்குப் பாதுகாப்பு? சுவரில் மாட்டிய சித்திரத்துக்குச் சோறு படைப்பது போன்ற பாதுகாப்பு அது. வேலை போனவனுக்கு அந்த 5,000 இன்றைக்கு ஒரு மாத வீட்டு வாடகை. நாளைக்கு அது ஒன்றுமில்லை. கணக்கில் பணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் கூலி குறைவு, வேலை நிரந்தரமின்மை, ஒப்பந்த முறை. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் பூசுகிறார்கள்.

பென்ஷனையும் பாருங்கள். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014ல் வைத்தார்கள். சம்பள உச்சவரம்பு 15,000 என்று வைத்ததும் அந்த வருஷம்தான். அந்த வரம்பின்படி 35 வருஷம் உழைத்தவருக்கு விதியின்படி கிடைப்பது மாதம் 7,500 ரூபாய். பஞ்சப்படியும் இல்லை. முதுமைப் பாதுகாப்பில் உண்மையான அக்கறை இருந்தால் கையை வைக்கவேண்டிய இடம் இது.

கண்டிப்பு யாரிடம் காட்டப்படுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். தொழிலாளி கூலியில் பிடித்த பணத்தையும் தன் பங்கையும் கட்டாமல் இழுத்தடிக்கும் முதலாளிகள் எத்தனையோ பேர். தாமதம் ஆறு மாதத்தைத் தாண்டினால் முன்பு வருஷத்துக்கு 25 சதவிகிதம் தண்டத் தொகை இருந்தது. 2024 ஜூனில் அதை மாதத்துக்கு 1 சதவிகிதமாக, அதாவது வருஷத்துக்கு 12 சதவிகிதமாகக் குறைத்தார்கள். கட்டாத முதலாளிக்குத் தண்டம் பாதியாகிறது. எடுக்க வந்த தொழிலாளிக்குக் காத்திருப்பு ஆறு மடங்காகிறது. 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர் மூன்று வருஷம் பணத்தை எடுக்காவிட்டால் வட்டி நின்றுவிடும். இளமையில் "எடுக்காதே", முதுமையில் "எடுக்காவிட்டால் வட்டி இல்லை"!

பென்ஷன் என்ற பேரில் ஒரு பத்திரம்

2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு, ராணுவத்தார் நீங்கலாக, பழைய பென்ஷன் ரத்தாகிப் புதிய திட்டம் வந்தது. அமெரிக்க முதலாளிகள் செய்த அதே வேலைதான். பொறுப்பை மேலிருந்து கீழே தள்ளுவது. இதில் இன்னொரு கட்டாயம் உண்டு. அறுபது வயதில் சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவிகிதத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் ஆயுட்கால வருமானப் பத்திரம் வாங்கியே தீரவேண்டும். இடையில் விலகினால் 80 சதவிகிதம். இந்தப் பத்திரம் தரும் மாதத் தொகை விலைவாசியோடு ஏறாது. தனியார் துறையினருக்கு இந்தக் கட்டாயப் பங்கை 2025 டிசம்பரில் 20 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அதாவது 40 என்பது மாற்றமுடியாத விதியல்ல என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அரசு ஊழியர்களின் இடைவிடாத கிளர்ச்சியின் பலனாக, 25 வருஷ சர்வீஸுக்குப் பாதிச் சம்பளம் உத்தரவாதம் செய்யும் இன்னொரு திட்டம் 2025 ஏப்ரல் முதல் மத்திய ஊழியர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கேட்காமல் வந்ததா அது? கேட்டதால் வந்தது.

நாம் கேட்பது

கட்டாயம் என்ற சொல்லை நாம் எதிர்க்கவில்லை. யார்மீது கட்டாயம் என்று கேட்கிறோம். கோடி கோடியாய்க் குவித்து வரிக்கு ஒளிப்பவனிடம் "எடு, கணக்குக் காட்டு, வரி கட்டு" என்று சொல்லும் கட்டாயம் நியாயமானது. வேலை போய் வாசலில் நிற்பவனிடம் "உன் கூலியைத் தொடாதே" என்று சொல்லும் கட்டாயம் அநியாயமானது.

ஆகவே, வேலை இழந்த தொழிலாளியின் கணக்கில் கால் பங்கைப் பிடித்து வைக்கும் முடிவைக் கைவிடவேண்டும். பன்னிரண்டு மாதம், முப்பத்தாறு மாதம் என்ற காத்திருப்புகளைப் பழையபடி இரண்டு மாதமாக்கவேண்டும். குறைந்தபட்ச பென்ஷனை ஒரு முதியவர் உண்டு உடுத்தி மருந்து வாங்கும் அளவுக்கு உயர்த்தி, அதைப் பஞ்சப்படியோடு இணைக்கவேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிகளின் தண்டத்தை மீண்டும் உயர்த்தி வசூலிக்கவேண்டும். பத்திரம் வாங்கும் கட்டாயத்துக்குப் பதில் உத்தரவாதமான பென்ஷன் வேண்டும்.

இதற்கு முதல் வேலை நம் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆலைவாசலிலும் தொழிலாளி தன் பி.எப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, முதலாளி மாதா மாதம் கட்டியிருக்கிறானா, எந்த விதி எப்பொழுது மாறியது என்று கேட்டறிய வேண்டும். சங்கங்கள் இந்த விதிகளைத் தமிழில் எழுதி, வாயில் கூட்டங்களில் படித்துச் சொல்லவேண்டும். அந்த விதி தங்கள் பணத்தைப் பூட்டுகிறது என்று தெரிந்ததும் பெங்களூர்ப் பெண்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். 58 வயதுப் பூட்டு இரண்டே நாளில் திறந்தது.